70 வயதுக்கு மேல் லைசென்ஸ் புதுப்பித்தல்: படிவம் 1ஏ-வில் உண்மையில் என்ன சோதிக்கணும்?

மலைக்கோட்டை:

72 வயதானவர் ஒருவரின் லைசென்ஸ் இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. கார், கியர் பைக் இரண்டும் அதில் உண்டு. ஊர் திருச்சி. சர்க்கரை இருக்கிறது, மாத்திரையில்தான் ஓடுகிறது. வலது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது, இடது கண்ணுக்கு டாக்டர் தேதி கொடுக்கத் தயாராக இருக்கிறார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் மறுபடி ஓட்டிக் காட்டணுமா? டாக்டர் சான்றுக்கு (படிவம் 1ஏ) என்ன செய்யணும்? இடது கண் ஆபரேஷனுக்கு முன்னால் புதுப்பிப்பதா, பின்னாலா? "காசு கொடுத்தால் ஆளைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்" என்று பலர் சொல்கிறார்கள். அந்த வழி வேண்டாம். அவர் ஓட்டலாமா கூடாதா என்று நிஜமாகவே தெரிய வேண்டும்.

படிவம்9:

முதலில் சட்டம். இந்தியாவில் லைசென்ஸுக்கு மேல் வயது வரம்பு கிடையாது. 90 வயதிலும் வாங்கலாம். வயது ஏற ஏறக் குறைவது செல்லுபடியாகும் காலம்தான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 14, 2019 திருத்தத்துக்குப் பிறகு சொந்த வாகன லைசென்ஸுக்குச் சொல்வது இது: 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை. 30 முதல் 50-க்குள் என்றால் 10 வருடம். 50 முதல் 55-க்குள் என்றால் 60 வயது வரை. 55 தாண்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் 5 வருடம். ஆக, உங்கள் ஆளுக்கு அடுத்த அட்டை 77 வயது வரை.

ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை, நேரத்துக்குப் புதுப்பித்தால். முடியும் தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிந்த பிறகும் ஒரு வருடம் வரை விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு வருடமும் தாண்டினால் பிரிவு 15-ன்படி மறுபடி ஓட்டுநர் தேர்வு உண்டு.

இங்கே பலர் சறுக்குகிறார்கள். முடிந்தபின் ஒரு வருடம் என்பது விண்ணப்பிக்கத்தான், ஓட்டுவதற்கு அல்ல. முன்பு இருந்த 30 நாள் சலுகையை 2019-ல் எடுத்துவிட்டார்கள். தேதி முடிந்த மறுநாள் வண்டியை எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு. பிரிவு 181-ன்படி அபராதம் 5,000 ரூபாய். அதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில். சொந்த வண்டிச் சேதத்துக்கு கிளெய்ம் கிடைக்காது. எதிராளிக்குக் கம்பெனி நஷ்ட ஈடு கட்டினாலும் உங்களிடம் திருப்பி வசூலிக்க வருவார்கள்.

வேலை நடக்கும் வரிசை: மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் சாரதி பகுதி, மாநிலம் தமிழ்நாடு, லைசென்ஸ் சேவைகள், லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும், புதுப்பித்தல். விண்ணப்பம் இப்போது படிவம் 2, முன்பு அது படிவம் 9. 40 வயது தாண்டியவர்களுக்குப் படிவம் 1ஏ கட்டாயம், அதுதான் டாக்டர் சான்று. படிவம் 1 என்பது ஓட்டுபவரே எழுதிக் கையெழுத்திடும் உடல்நல உறுதிமொழி. கட்டணம் புதுப்பித்தலுக்கு 200, அட்டைக்கு 200, மேலே மாநிலச் சேவைக் கட்டணம்.

பெரியவர்களுக்கு வரும் நடைமுறைச் சிக்கல்கள் வேறு. பழைய புத்தக லைசென்ஸ் என்றால் எண் தளத்தில் ஏறியிருக்காது. "விவரம் இல்லை" என்று வந்தால், முதலில் லைசென்ஸ் கொடுத்த அதே ஆர்.டி.ஓ. ஆபீஸில் பழைய பதிவை ஏற்றச் சொல்லி மனு கொடுக்கணும். இதற்கு வாரக்கணக்கில் இழுக்கலாம், அதனால் இன்றைக்கே எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதி வேறாக இருந்தால் அங்கேயும் நிற்கும். அட்டை விரைவு அஞ்சலில்தான் வரும், முகவரி தவறென்றால் திரும்பிப் போய்விடும்.

1ஏ-வில் போட்டோ ஒட்டி, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழணும். பதிவெண் தெளிவாகத் தெரியணும். சில ஆபீஸ்களில் தாளை வாங்குவதில்லை, டாக்டரே தளத்தில் ஏற்றணும் என்கிறார்கள். உங்கள் ஆபீஸில் எது நடப்பு என்று கேட்டுக்கொண்டு பிறகு டாக்டரிடம் போங்கள்.

கண்ணாடிக்கடை:

1ஏ-வை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. பார்வைக் குறை உண்டா, கண்ணாடியால் சரியாகிறதா, கடுமையான அல்லது முழு நிறக்குருடு உண்டா, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டரில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்கிறாரா, மாலைக்கண் உண்டா, சாதாரண ஒலி காதில் விழுகிறதா, கை கால் ஊனம் உண்டா. அவ்வளவுதான். இதில் அளந்து பார்க்கக்கூடியது ஒன்றே ஒன்று, அந்த 25 மீட்டர். பெரும்பாலான கிளினிக்கில் 25 மீட்டர் நீளமான இடமே இல்லை என்பதால் நடக்காமல் போவதும் அதுதான்.

வீட்டிலேயே செய்யலாம். ஒரு கயிற்றை 25 மீட்டருக்கு டேப்பால் அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். காலடிக் கணக்கு வேண்டாம், 20-ல் நின்றுகொண்டு 25 என்று நினைத்துவிடுவோம். தெருவில் நிற்கும், எண் தெரியாத ஒரு காரின் பிளேட்டுக்கு நேராக நிறுத்துங்கள். சொந்தக் கார் கூடாது, மனப்பாடத்தில் சொல்லிவிடுவார். காலை 9 மணிபோல வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். வண்டி ஓட்டும்போது எந்தக் கண்ணாடி போடுவாரோ அதையே போடணும். முதலில் இரண்டு கண்ணாலும், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடி. படிவம் 1-ல் கேள்வி "ஒவ்வொரு கண்ணாலும்" என்றுதான் இருக்கிறது. ஒரு கண் பார்வை போனவருக்கு விலக்கு உண்டு, ஆனால் நிபந்தனையோடு: ஐந்து வருடம் லைசென்ஸ் வைத்திருந்த பிறகு பார்வை போயிருக்கணும், வாடகைக்கு ஓடாத இலகு ரக வண்டியாக இருக்கணும், ஸ்டியரிங் பக்கம் வெளிக்கண்ணாடி இருக்கணும்.

பைக் பிளேட்டை வைத்துச் சோதித்துப் பயந்துவிடாதீர்கள். மோட்டார் வாகன விதி 51-ன்படி கார் பிளேட் எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர். பைக்கின் பின் பிளேட்டில் எண்கள் 40 மில்லிமீட்டர்தான். 65 மில்லிமீட்டர் எழுத்தை 25 மீட்டரில் படிப்பது கண் டாக்டரின் அட்டையில் ஏறக்குறைய 6/11 வரி (6/6 என்பது முழுப் பார்வை). 40 மில்லிமீட்டர் என்றால் 6/7 அளவுக்குப் போய்விடும், அது நல்ல கண்ணுக்கே கஷ்டம். அலங்கார எழுத்து பிளேட்டும் வேண்டாம், உயர்பாதுகாப்பு பிளேட் உள்ள காரைப் பாருங்கள்.

கார் பிளேட் படிக்க முடியாவிட்டால் அது லைசென்ஸ் பிரச்சினை இல்லை, கண் பிரச்சினை. பல பேருக்குப் பழைய கண்ணாடிதான் காரணம், பவர் மாற்றினால் சரியாகிவிடும்.

வைகைக்கரை:

இதெல்லாம் சரி. ஆனால் பெரியவர்களை மட்டும் ஏன் இப்படிக் குடையணும்? ஹெல்மெட் இல்லாமல் மூணு பேர் ஏறிப் பறக்கிற இளவட்டத்துக்கு எந்த மறுசோதனையும் இல்லை. 70 வயதுக்காரர் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதில்லை. மெயின் ரோட்டில் பஸ் பிடிக்க ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும் என்கிற ஊரில் வண்டிச் சாவியைப் பிடுங்கினால் ஆஸ்பத்திரிக்கும் ரேஷன் கடைக்கும் எப்படிப் போவார்? சோதனை என்று சொல்வதே வீட்டில் பிள்ளைகள் சாவியைப் பிடுங்க ஒரு சாக்கு ஆகிவிடுகிறது.

பொதுமருத்துவர்:

வைகைக்கரை சார், உங்கள் கவலை நியாயமானது. அதனால்தான் வயதைப் பார்க்காமல் செயல்திறனைப் பார்க்கச் சொல்கிறோம். 78 வயதில் நன்றாக ஓட்டுபவர் உண்டு, 58 வயதில் ஓட்டவே கூடாதவரும் உண்டு. ஒழுங்கான சோதனையில் முக்கால்வாசி நேரம் கிடைப்பது "ஓட்டாதே" என்ற பதில் இல்லை. கண்ணாடியை மாற்று, மாத்திரையை மாற்று, இரவில் எடுக்காதே, இதுதான். பார்க்காமல் போடும் கையெழுத்தில் இந்த வாய்ப்பு போய்விடுகிறது.

1ஏ கேட்காதவைதான் இந்த வயதில் ஆபத்தானவை. சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்று பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை திடீரென்று இறங்கும் பயம் அநேகமாக இல்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் என்றால் உண்டு. நம்மூரில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு சேர்ந்த ஒரே மாத்திரை நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள், அதில் இரண்டு மருந்து இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அட்டையின் பின்பக்கம் படியுங்கள். பிரிட்டன் வழிகாட்டு நெறியை நான் பரிந்துரைப்பேன்: கிளம்பும்முன் ரத்தச் சர்க்கரை 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் எடுக்கணும். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்கணும். வழியில் சர்க்கரை இறங்கிவிட்டால், அது சரியான பிறகும் 45 நிமிடம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அளவு ஏறினாலும் மூளை நிதானத்துக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கும்.

அடுத்தது கால். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனால் பிரேக்கில் கால் இருக்கிறதா, எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாது. கண்ணை மூடச் சொல்லி கால் கட்டைவிரலைப் பக்கவாட்டில் பிடித்து மேலே கீழே அசைத்து, எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பத்துத் தடவையில் இரண்டு மூன்று தப்பினால் நரம்பு டாக்டரைப் பார்க்கும்வரை ஓட்ட வேண்டாம்.

கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மூன்றுமே தூக்கம் தரும். ஆரம்பித்த முதல் இரண்டு வாரமும் அளவு கூட்டும்போதும் கவனம். சளி மாத்திரையில் உள்ள குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு எடுக்கும் அல்பிரசோலம் மறுநாள் காலைவரை மந்தம் கொடுக்கும். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுப்பவர்களுக்கு எழும்போது தலைசுற்றல் வரலாம்.

இன்னொன்று, ஐந்து நிமிட வேலை. தரையில் 10 அடி தூரத்துக்கு டேப் ஒட்டுங்கள். முடிந்த அளவு வேகமாக நடந்து, திரும்பி, வந்த இடத்துக்கே வரணும். 9 விநாடிக்கு மேல் ஆனால் காலின் வேகம் குறைந்திருக்கிறது. அமெரிக்காவில் வயதான ஓட்டுநர்களைப் பரிசோதிக்கும் டாக்டர்கள் இந்த அளவைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். கைத்தடி பிடிப்பவர் தடியோடே நடக்கலாம்.

ஸ்கார்பரோ:

இங்க ஒன்ராறியோவில நடக்கிறதைச் சொல்லுறன், ஒப்பிட்டுப் பாக்க உதவும். 80 வயதிலயிருந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லைசென்ஸ் புதுப்பிக்க வேணும். தபாலில அறிவித்தல் வரும், அதைப் பாத்து முன்பதிவு செய்து போகவேணும். முதல் கண் சோதனை: ரெண்டு கண்ணும் திறந்தபடி 20/50, அதாவது உங்கட கணக்கில 6/15. கிடையாக 120 பாகை பார்வைப் புலம், அதாவது நேரே பாக்கேக்க ரெண்டு பக்கமும் தெரியிற அகலம். பிறகு 45 நிமிச வகுப்பு, எல்லாரையும் ஒண்டா இருத்தி. அதுக்குப் பிறகு ரெண்டு சின்னப் பயிற்சி. ஒரு வட்டத்துக்குள்ள மணிக்கூடு கீறி, எண் எல்லாம் எழுதி, 11 மணி 10 நிமிசம் காட்ட வேணும். மற்றது, ஒரு தாள் நிறைய எழுத்துகள் இருக்கும், அதில கேட்ட எழுத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போக வேணும். ஓட்டுநர் பதிவேட்டையும் பாப்பினம். இதில சந்தேகம் வந்தாத்தான் வீதிச் சோதனைக்கு அனுப்புவினம், எல்லாருக்கும் இல்லை. 2014-க்கு முதல் எழுத்துப் பரீட்சை இருந்தது, அதை எடுத்துப்போட்டுத்தான் இந்த முறை வந்தது.

எங்கட ஆக்கள் தவறவிடுறது மணிக்கூட்டுப் பயிற்சியில. 11:10 எண்டா பெரிய முள்ளு 2-இல நிக்க வேணும், 10-இல இல்லை. "10" எண்ட எண்ணைக் கண்டவுடன மூளை அங்க இழுபடும். அதைக் கட்டுப்படுத்தித் திட்டமிடேலுமோ எண்டதைத்தான் அது பாக்குது. பாடமாக்கிக்கொண்டு போறது பிரயோசனமில்லை, நேரம் வேற ஒண்டைக் குடுத்துப் பாருங்கோ, வித்தியாசம் தெரியும்.

இன்னொரு வித்தியாசம். இங்க டொக்டர், கண் பரிசோதகர், நர்ஸ் பிராக்டிஷனர் மூண்டு பேருக்கும், ஓட்டக்கூடாத நிலைமை கண்டா போக்குவரத்து அமைச்சுக்கு அறிவிக்கிறது சட்டக் கடமை. வயதைப் பாத்து இல்லை, 35 வயதெண்டாலும் அறிவிப்பினம்.

எட்டுபோடு:

சோதனை எழுத்தில் பாஸானாலும் ரோட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கணும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து 40 நிமிடம். ரெண்டு பக்கமும் பெடல் உள்ள டிரைவிங் ஸ்கூல் கார் என்றால் இன்னும் நல்லது. வீட்டில் உள்ளவர்கள் உட்கார்ந்தால் சண்டைதான் வரும், வெளியாள் ஒருவரை வையுங்கள்.

நான் பார்க்கச் சொல்வது வலது திருப்பம். நமக்கு இடப்பக்க ஓட்டம் என்பதால் எதிரே வரும் வண்டியை வெட்டிக்கொண்டு போகிற திருப்பம் வலதுதான். எதிர் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் ஒரே சமயம் கணிக்கணும். நான்குவழிச் சாலையில் மீடியன் இடைவெளியில் யூ டர்ன் இன்னும் மோசம். இதில் இரண்டு தடவை எதிர் வண்டி பிரேக் அடிக்க வேண்டி வந்தால் அந்த ஓட்டுநர் இன்னும் தயாரில்லை. அதற்கு மாற்றாக வழியைத் திட்டமிடலாம்: கொஞ்சம் தள்ளிப் போய் சிக்னலில் திரும்புவது, அல்லது மூன்று இடது திருப்பத்தில் சுற்றி வருவது.

காரின் இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்கிறாரா? கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தலையைத் திருப்புவதில்லை. இடது பக்கம் நுழையும் பைக் அவர்களுக்குத் தெரியாது. கண்ணாடி முனையில் ஒட்டும் சின்னக் குவிகண்ணாடி வாங்கி ஒட்டுங்கள், பெரிய உதவி.

திருப்பம் முடிந்து இண்டிகேட்டர் அணையாமல் ஓடுவது, கிளட்சில் கால் வைத்தே ஓட்டுவது, வேகத்தைக் குறைத்தபடி வலது ஓரத்திலேயே போவது, இதெல்லாம் சொன்னால் திருத்திக்கொள்வார்கள். சொல்லியும் அதே 40 நிமிடத்தில் திரும்பத் திரும்ப வந்தால்தான் கவலை.

பெடல் மாறி மிதிப்பது தனி விஷயம். ரிவர்ஸ் எடுக்கும்போது உடம்பை இடது பக்கம் திருப்பிப் பின்னால் பார்க்கிறோம். அப்போது வலது குதிகால் தன்னாலே வலப்பக்கம் நகர்ந்து ஆக்சிலரேட்டர் நேரே போய்விடும். பிரேக் என்று நினைத்து மிதிப்பது அதை. வண்டி பாய்ந்ததும் இன்னும் அழுத்துவார்கள். குதிகாலைப் பிரேக்குக்கு நேரே ஊன்றி, ஆக்சிலரேட்டருக்கு முன்பாதத்தை மட்டும் திருப்பும் பழக்கம் வேண்டும். வார் இல்லாத செருப்பு வேண்டவே வேண்டாம்.

"வயசாச்சு, ஆட்டோமேட்டிக் வாங்கிக் கொடுத்துடுவோம்" என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். முழங்கால் வலிக்கு நல்லதுதான். ஆனால் நாற்பது வருடம் கிளட்ச் மிதித்த இடது கால் சும்மா இருக்காது. நிறுத்தும்போது அகலமான பிரேக் பெடலைக் கிளட்ச் என்று நினைத்து ஒரே மிதி, பின்னால் வருபவன் வந்து மோதுவான். முதல் சில வாரம் காலி மைதானத்தில், இடது காலை ஓரத்தில் உள்ள கால்தாங்கியில் வைத்துப் பழகட்டும்.

ஒரு வருடம் தாண்டி லைசென்ஸ் போனவர்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டி வரும். விதி 15-ல் என்னென்ன பார்க்கணும் என்று பட்டியலே இருக்கிறது: கண்ணாடி சரிசெய்வது, பெல்ட், கியர் மாற்றுவது, ரிவர்ஸ், ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் உதவியோடு பின்னால் உருளாமல் எடுப்பது. பெரியவர்களுக்குத் தடுமாற்றம் ஏற்றத்தில்தான். பைக்குக்கு எட்டு. 70 வயதில் எட்டு போடும்போது காலை ஊன்றாமல் மெதுவாகத் திருப்புவது சமநிலைச் சோதனை, அதில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் அப்புறம் நடையே கஷ்டம். அதனால் தேதியைத் தவறவிடாதீர்கள்.

மலைக்கோட்டை:

எல்லோருக்கும் நன்றி. இடது கண் ஆபரேஷன் முன்னாலா பின்னாலா என்பது மட்டும் பாக்கி. பைக்கை விட்டுவிடச் சொன்னால் அவர் ஒத்துக்கொள்வார் போலிருக்கிறது. பைக்கை மட்டும் லைசென்ஸிலிருந்து எடுக்க முடியுமா? டாக்டர் "தகுதியில்லை" என்று எழுதிவிட்டால் கதை முடிந்ததா?

கண்ணாடிக்கடை:

மூன்று மாதம் இருக்கிறதே, ஆபரேஷனை முதலில் செய்யுங்கள். கண் ஆறி பவர் நிலைக்க நாலு முதல் ஆறு வாரம். அதன் பிறகு புதுக் கண்ணாடி, அதைப் போட்டு 25 மீட்டர் சோதனை, அன்றே 1ஏ. இப்போதே போனால் புரை உள்ள இடது கண்ணுக்கு "படிக்க முடிகிறது" என்று படிவம் 1-ல் உண்மையாக எழுத முடியாமல் போகலாம். ஏதாவது தள்ளிப்போனாலும் முடிந்தபின் ஒரு வருடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது, அதுவரை வண்டியை எடுக்காமல் இருந்தால் போதும்.

கண் டாக்டரிடம் போகும்போதே இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். கண் அழுத்தம் எவ்வளவு, விழித்திரை எப்படி இருக்கிறது. கண் அழுத்த நோயில் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும், நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். 25 மீட்டர் பிளேட்டை அருமையாகப் படிப்பார், பக்கத்துச் சந்திலிருந்து வரும் சைக்கிள் தெரியாது. 1ஏ-வில் இதற்குக் கேள்வியே இல்லை, அந்தப் படிவத்தின் பெரிய ஓட்டை இது. சர்க்கரைக்காக விழித்திரையில் நிறைய லேசர் வைத்தவர்களுக்கும் ஓரப் பார்வையும் இருட்டுப் பார்வையும் குறையும். பார்வைப் புலப் பரிசோதனை என்று கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கண்ணாடி பிரேமில் பக்கக் காம்பு பட்டையாக இருக்கக் கூடாது, ஓரத்தை மறைக்கும். புரோகிரசிவ் லென்ஸ் (தூரம், கிட்டம் இரண்டுக்கும் ஒரே லென்ஸ்) போடுபவர்கள் காரின் பக்கக் கண்ணாடியைக் கண்ணால் மட்டும் பார்த்தால் மங்கும், தலையையும் திருப்பணும்.

படிவம்9:

பைக்கை மட்டும் எடுக்கலாம். சாரதியிலேயே வாகன வகையை ஒப்படைக்கும் சேவை இருக்கிறது, கார் அப்படியே இருக்கும். ஓட்டாத லாரி, பஸ் வகையைச் சுமந்துகொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஓட்டுநர்களும் இதைச் செய்யலாம்.

டாக்டர் மறுத்தால் கதை முடியவில்லை. காரணத்தை எழுதி வாங்குங்கள். கண்ணாடியோ மருந்தோ மாற்றிச் சரியானால் புது 1ஏ-வோடு மறுபடி போகலாம். ஆர்.டி.ஓ. புதுப்பிக்க மறுத்தால் பிரிவு 17-ன்படி உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

பிரிவு 16 பற்றியும் பலருக்குத் தெரியாது. நோயாலோ ஊனத்தாலோ ஒருவர் ஓட்டத் தகுதியில்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், ஆர்.டி.ஓ. எந்த நேரத்திலும் புது மருத்துவச் சான்று கேட்கலாம், லைசென்ஸை ரத்தும் செய்யலாம். ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. மறதி நோய் வந்தபின்னும் சாவியை விடாதவர் இருக்கும் வீட்டார், டாக்டர் அறிக்கையோடு ஆர்.டி.ஓ.-வுக்கு மனு கொடுக்க இதுதான் வழி.

வைகைக்கரை:

பார்வைப் புலம் பற்றிச் சொன்னது எனக்குப் புதுசு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிராமத்தில் அந்த மெஷின் எங்கே இருக்கு? டாக்டரும் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்ப்பவர், கயிறு கட்டி 25 மீட்டர் அளக்க மாட்டார்.

பொதுமருத்துவர்:

மெஷின் இல்லாமலும் கரடுமுரடாகப் பார்க்கலாம். ஒரு கை நீளத்தில் எதிரெதிரே உட்காருங்கள். அவர் ஒரு கண்ணை மூடட்டும், நீங்கள் அதற்கு நேரெதிரான கண்ணை மூடுங்கள். அவர் உங்கள் திறந்த கண்ணையே பார்க்கணும். இருவருக்கும் நடுவில், வெளிப்புறத்திலிருந்து உள்ளே விரலை அசைத்துக்கொண்டு வாருங்கள். உங்களுக்குத் தெரியும் இடத்தில் அவருக்கும் தெரியணும். நான்கு மூலையிலும், இரண்டு கண்ணுக்கும். வித்தியாசம் இருந்தால் அரவிந்த் கண் மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி போல மெஷின் உள்ள இடத்துக்கு ஒருமுறை போய் வரணும். ஆரம்பகட்டச் சுருக்கம் இதில் பிடிபடாது, அதனால் வித்தியாசம் இல்லை என்றாலும் வருடத்துக்கு ஒருமுறை கண் அழுத்தம் பார்ப்பதை விட வேண்டாம்.

டாக்டருக்கு நேரமில்லை என்பதும் உண்மை. வீட்டில் செய்ததை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: 25 மீட்டர் பிளேட் எந்தக் கண்ணால் எப்படி, 10 அடி நடை எத்தனை விநாடி, சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரும் அளவும், கடைசியாகச் சர்க்கரை இறங்கியது எப்போது. மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அந்தத் தாளைக் கையில் வாங்கியபின் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது எந்த டாக்டருக்கும் கஷ்டம்.